பலருக்கும் பொதுவான கணிப்பான்



சமன்பாட்டைத் தந்தால் அதன் வளைகோட்டைத் திரையில் வரைந்து காட்டும் கணிப்பான் உண்டு. விலையோ பல ஆயிரம். நம் பிள்ளைகள் வரைபடத்தாளில் புள்ளி வைத்து ஒரு பரவளையத்தை முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது.

எளிய கருவியை நாமே வடிக்கலாகாதா எனக் கேட்டோர் நம் நாட்டிலும் இருந்தனர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சுவாமி மனோகர், வினய், விஜய் சந்துரு முதலியோர் என்கோர் நிறுவனத்தாருடன் கூடி, 2001-இல் 'சிம்ப்யூட்டர்' எனும் கையடக்கக் கணிப்பொறியின் முன்மாதிரியைக் காட்டினர். வடிவமைப்பை மறைக்கவில்லை. தமிழுக்கும் அதில் இடமிருந்தது. ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கொரு சிற்றட்டை! சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1926-இல் சத்தியாக்கிரகம் வேண்டியிருந்த மண்ணினர் நாம். 'பொது' என்னும் சொல்லின் எடை நமக்குத் தெரியும். ஆயினும் கருவி எதிர்பார்த்தபடி விற்கவில்லை. அவ்விடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது.

அதே 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கிய 'ஜியோஜீப்ரா' நிலைத்தது. கருவியன்று, கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் இயங்கும் மென்பொருள், மாணவர்க்கு விலையில்லை. பல நாட்டு ஆசிரியர்களும் ஆர்வலர்களும் அதற்குப் பாடங்கள் ஆக்கித் தந்துள்ளனர். நம் மாநிலப் பாடநூல்களிலும் அதற்கான பயிற்சிகள் உள்ளன. அப்பக்கம் புரட்டப்படாமலே போவதும் உண்டு.

கணக்குக்கு அஞ்சி ஒதுங்கும் பிள்ளைக்குப் பொறியியல் வாயில் பதினாறு வயதிலேயே அடைபடுகிறது. சங்க நூலகத்தில் பழைய கணிப்பொறி ஒன்று போதும். கல்லூரியில் பயிலும் நம் இளைஞர்கள் மாலைதோறும் முறைவைத்து உடனிருக்க வேண்டும். இருட்டுமுன் வீடு திரும்பவேண்டிய பெண்பிள்ளைகளுக்கே முதல் வேளை. எக்ஸின் வர்க்கத்தில் தொடங்குங்கள். கெழுவை மாற்றி மாற்றி, வளைகோடு ஒடுங்குவதையும் விரிவதையும் அவர்களே கண்டு சொல்லட்டும்.