நடுங்கும் கையும் சாட்சிக் கூண்டும்

(பொதுக்கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத வியாதி கண்ட ஒருவரைக் கோர்ட்டிலோ விசாரணைக் கமிஷனிலோ சாட்சி சொல்லுவதிலிருந்து விட்டுவிடலாமா என்பதே இன்று நான் பேச வேண்டிய விஷயமாகும். "ஐயோ பாவம், நடுங்குகிறவனை ஏன் கூண்டில் ஏற்ற வேண்டும்?" என்பவர்கள் ஒரு கட்சி. "சம்மன் வந்தால் எவனும் வரவேண்டியதுதானே?" என்பவர்கள் மற்றொரு கட்சி. நான் இரண்டு கட்சியையும் ஒப்புக்கொள்ளவில்லை. காரணங்களைச் சொல்லுகிறேன். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலில் வியாதி இன்னதென்று பார்ப்போம். 1817-ல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர் இதைப்பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அவர் பேரே வியாதிக்கு நிலைத்துவிட்டது. மூளையில் டோபமைன் என்ற இரசாயனப் பொருளை உண்டாக்கும் உயிரணுக்கள் செத்துக்கொண்டே வருவதால் கை நடுங்குகிறது, தசை விறைக்கிறது, நடை தடுமாறுகிறது, குரல் தாழ்ந்து போகிறது, முகம் அசைவற்றுப் போகிறது. பூர்வஜென்ம பாவமோ, செய்வினையோ, சனியன் பிடித்ததோ இதில் ஒன்றுமில்லை. லெவோடோபா என்னும் மருந்தைச் சாப்பிட்டால் பலருக்குச் சில மணி நேரம் உடம்பு வசப்படுகிறது. மருந்தின் வேகம் தணிந்தால் மறுபடியும் கட்டிப்போடுகிறது. அறிவோவென்றால், பலருக்கு வெகுகாலம் தெளிவாகவே இருக்கிறது. சிலருக்கு நாளடைவில் ஞாபகமும் புத்தியும் குறைகின்றன. ஆகவே வியாதியின் பேரைக் கேட்ட மாத்திரத்தில் ஒருவர் சொல்லுக்கு மதிப்பில்லை என்று முடிவு கட்டுவது, ஜாதியின் பேரைக் கேட்ட மாத்திரத்தில் அவர் யோக்கியதையை முடிவு கட்டுவதற்கு ஒப்பானதேயாகும்.

சட்டம் என்ன சொல்லுகிறது? கேள்வியை விளங்கிக்கொள்ளவும், பொருத்தமான விடை சொல்லவும் முடியாதபடி இளவயதோ, முதுமையோ, உடல் நோயோ, மன நோயோ தடுத்தாலொழிய எல்லோரும் சாட்சி சொல்லத் தகுந்தவர்களே என்று 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 118-வது பிரிவு சொல்லிற்று. 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதுச் சட்டமும் அதையே சொல்லுகிறது. வாய் பேச முடியாதவர் எழுதியோ சைகையாலோ சொல்லலாம். வர முடியாத நோயாளியிடம் கமிஷன் அனுப்பி அவர் இருக்குமிடத்திலேயே வாக்குமூலம் வாங்கலாம். வீடியோ மூலமும் சாட்சியம் பதிவு செய்யலாமென்று 2003-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் செய்தது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன் நோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

இதே நாட்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 133-வது பிரிவு என்று ஒன்று உண்டு. ஜனாதிபதி, கவர்னர்கள், மந்திரிகள், ஹைகோர்ட்டு ஜட்ஜுகள் முதலானவர்கள் நேரில் கோர்ட்டுக்கு வரவேண்டியதில்லை என்பது அதன் சாரம். கால் திடமாயிருந்தாலும் வரவேண்டியதில்லை! பதவிக்குக் கேளாமலே சலுகை. ஏழைக் கிழவனின் நடுக்கத்துக்கு மட்டும் மனு, சர்டிபிகேட், வாய்தா என்றால் இது என்ன நியாயம்?

அமெரிக்காவில் ஜேனட் ரீனோ என்ற அம்மையார் 1993 முதல் 2001 வரை அட்டர்னி ஜெனரலாக இருந்தார். 1995-ல் அவருக்கு இவ்வியாதி கண்டது. அதன் பிறகும் பதவியை நடத்தினார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த கமிஷன் முன்பும் 2004 ஏப்ரலில் பகிரங்கமாகச் சாட்சியமளித்தார். மைக்கேல் ஜே. பாக்ஸ் என்ற நடிகர் 1999-ல் செனட் கமிட்டி முன் பேசப் போனபோது, வியாதி எப்படிப்பட்டதென்று அவர்கள் கண்ணாலேயே காணட்டுமென்று வேண்டுமென்றே மருந்து சாப்பிடாமல் போனார். அங்கே நடுக்கமே சாட்சியமாயிற்று.

நம் கோர்ட்டுகளிலோ நடுக்கம் சாட்சிக்கு விரோதமாகவே எண்ணப்படக்கூடும். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று ஒரு பழமொழி சொல்லி வைத்திருக்கிறார்கள். சாட்சி நடந்துகொள்ளும் விதத்தைப்பற்றி ஜட்ஜு குறிப்பெழுதச் சட்டமும் இடங்கொடுக்கிறது. கை நடுங்கினால் பயம், விடை தாமதித்தால் பொய், முகம் அசையாவிட்டால் கல்நெஞ்சு என்று நினைத்துவிட்டால் இந்த நோயாளியின் கதி என்ன? அவர் முகத்தில் தெரிவது டோபமைன் குறைவேயொழிய அகமல்ல.

திருச்சி ஜில்லாவில் பிறந்து ஜார்க்கண்டு ஆதிவாசிகளுக்காக உழைத்த ஸ்டான் சுவாமியை நினைத்துப் பாருங்கள். அவர் பாதிரியார், அவர் கடவுளுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை. 83 வயதில், 2020 அக்டோபரில் கைதானார். டம்ளரைப் பிடிக்க முடியாத கைக்கு ஓர் உறிஞ்சுகுழல் வேண்டுமென்று கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. பதில் சொல்ல எதிர்த்தரப்பு 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 மே மாதம் வீடியோ மூலம் பம்பாய் ஹைகோர்ட்டின் முன் தோன்றி, சிறைக்கு வந்தபோது தாமே சாப்பிடவும், குளிக்கவும், நடக்கவும், எழுதவும் முடிந்தது, ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று தம் வாயாலேயே சொன்னார். ஜூலை 5-ந் தேதி, ஜாமீன் கிடைக்காமலே செத்துப்போனார். அவர் சாட்சியல்ல, குற்றம் சாட்டப்பட்டவர் என்பது வாஸ்தவம். ஆனால் நடுங்கும் மனிதன் தெளிவாகப் பேசுவான் என்பதற்கும், கேட்கிறவர்கள் காலத்தில் காரியம் செய்யாவிட்டால் அந்தத் தெளிவு அவனைக் காப்பாற்றாது என்பதற்கும் இதைவிட என்ன ருஜு வேண்டும்?

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். நோயாளிக்குப் பிரயாணத்திலிருந்தும், நிற்பதிலிருந்தும், நாள் முழுவதும் காத்துக் கிடப்பதிலிருந்தும் விலக்குக் கொடுங்கள். உண்மையைச் சொல்லுவதிலிருந்து கொடுக்காதீர்கள். மருந்து வேலை செய்யும் மணியில் விசாரியுங்கள். குரல் தாழ்ந்தால் மைக்கு வையுங்கள். களைத்தால் நிறுத்துங்கள். புத்தி தெளிவில்லை என்ற சந்தேகம் வந்தால் சம்பந்தமில்லாத டாக்டர் சோதிக்கட்டும். தெளிவில்லையென்றால் அவரை விட்டுவிட்டு தஸ்தாவேஜுகளைப் பாருங்கள். சம்மன் வந்த அன்று மட்டும் படுக்கையில் விழும் பெரிய மனிதர்களுக்கும் இதே சோதனைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, வாய்தாமேல் வாய்தா போடாமல் சீக்கிரம் வாக்குமூலம் வாங்குங்கள். கோர்ட்டு காத்திருக்கலாம், வியாதி காத்திராது.

பரிதாபம் என்ற பேரால் ஒருவன் கண்டதைக் கண்டேன் என்று சொல்லும் உரிமையைப் பிடுங்குவது அவனை உயிரோடு செத்தவன் கணக்கில் எழுதுவதாகும். அது சுயமரியாதைக்கு விரோதம் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறேன்.