கட்டத்தை விட்டு வெளியேறிய கோடு

2016 மார்ச் மாதம் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், மார்செல் ப்ராயர் வடிவமைத்த பழைய கட்டடம் ஒன்றில் தன் புதிய கிளையைத் திறந்தது. தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்றை அது ஓர் இந்திய ஓவியருக்கு ஒதுக்கியிருந்தது. அவர் நஸ்ரீன் மொஹமதி. 1937இல் கராச்சியில் பிறந்து, லண்டனிலும் பாரிஸிலும் பயின்று, 1972 முதல் பரோடா நுண்கலைத் துறையில் கற்பித்து, 1990இல் அலிபாகை அடுத்த கிஹிம் கடற்கரைக் கிராமத்தில் 53 வயதில் மறைந்தவர். 2015இலேயே மாட்ரிடின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில் தொடங்கிய அந்தக் கண்காட்சியில் ஓவியம், கோட்டுச்சித்திரம், புகைப்படம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகள் இருந்தன. அவற்றுள் அவருடைய கடைசிப் பத்தாண்டுச் சித்திரங்களைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். அவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் மௌனம், துறவு, ஒடுக்கம் என்ற சொற்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுபதுகளில் தானே கட்டியெழுப்பிய ஓர் ஒழுங்கை எண்பதுகளில் அவர் துணிந்து உடைத்தார். அந்தக் கடைசித் தாள்களில் இருப்பது அடக்கம் அல்ல, வேகம்.

படம் கண்ணெதிரே இல்லாததால் கொஞ்சம் விவரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுபதுகளின் சித்திரங்களில் தாள் முழுவதும் கிடைக்கோடுகள் நெருக்கமாக ஓடும். சில பென்சிலில், சில மையில். கோடுகளுக்கு இடையிலான தூரம் சீராக இருப்பதுபோல் தோன்றும்; உற்றுப் பார்த்தால் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் தளர்ந்தும் இருப்பது தெரியும். அதனால் தட்டையான தாளில் மேடும் பள்ளமும் உண்டாகும். கட்டட வரைபடக்காரர்களின் மேசை, அளவுகோல், மைப்பேனா, இவைதான் அவருடைய கருவிகள். எண்பதுகளில் இந்தக் கிடைக்கோடுகள் காணாமல் போகின்றன. தாளின் பெரும்பகுதி வெறுமையாக இருக்கிறது. ஒரு கீழ்மூலைப் பக்கமிருந்து சாய்கோடுகள் கற்றையாகப் புறப்பட்டு, ஏற ஏற மெலிந்து, எதிர்ப்பக்கத்தை எட்டுமுன் நின்றுவிடுகின்றன. வேறொரு தாளில் மிகக் குறுகிய முக்கோணம். இன்னொன்றில் வில்போல் வளைந்த கோடு எதன்மேலும் ஊன்றாமல் நிற்கிறது. கிடைக்கோடு இருக்கும்வரை நம் கண் அதைத் தரையாகவோ தொடுவானமாகவோ எடுத்துக்கொண்டு நிலைகொள்ளும். அதை நீக்கிவிட்டுச் சாய்கோட்டை மட்டும் விட்டால் கண்ணுக்குக் காலூன்ற இடமில்லை. கோடு போகும் திசையிலேயே போயாக வேண்டும். மை மெலியும் இடத்தில் கோடு தாளுக்கு உள்ளே விலகிச் செல்கிறது. அப்போது வெள்ளைத்தாள் வெறும் பின்னணியாக இல்லாமல் ஆழமாகிவிடுகிறது. இதை ஒடுக்கம் என்று எப்படிச் சொல்வது?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். நஸ்ரீன் தன் சித்திரங்களுக்குப் பெயரிடவில்லை. பெரும்பாலானவற்றில் ஆண்டும் குறிக்கவில்லை. அருங்காட்சியகங்கள் இன்று அவற்றுக்கு உத்தேச ஆண்டுகளையே தருகின்றன. அப்படியிருக்க, கடைசிக்காலப் படைப்பு என்று எதை வைத்துச் சொல்வது? ஒரு குறிப்பிட்ட தாள் இரண்டு மூன்று ஆண்டு முன்னே பின்னே நகரலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிசையின் போக்கு தாள்களிலேயே பதிந்திருக்கிறது. இடைவெளியை மயிரிழை அளவில் மாற்றி ஆழம் உண்டாக்கும் வித்தையைக் கிடைக்கோடுகளில்தான் அவர் தேடிக் கண்டடைகிறார். பல தாள்களில் அந்தத் தேடல் வெளிப்படையாகத் தெரிகிறது. சாய்கோட்டுச் சித்திரங்களில் அதே வித்தை தயக்கமில்லாமல், கைவந்த பாடமாக வருகிறது.

இதைவிடக் கனமான இன்னொரு வாதம் உண்டு. உடல் அசைவுகளின் மீதான கட்டுப்பாட்டைச் சிறிதுசிறிதாகக் குலைக்கும் நரம்பு நோய் நஸ்ரீனுக்கு இருந்தது. தளர்ந்துவந்த கை இவ்வளவு பிசகில்லாத கோட்டைப் போட்டது என்பதில்தான் இவற்றின் மகத்துவம் இருக்கிறது என்பார்கள். அந்த உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் நோயை வைத்துப் படத்தை அளந்தால், நோயை அறியாமல் பார்ப்பவருக்கு அந்தத் தாளில் ஒன்றும் இல்லை என்றாகிவிடும். உண்மை அதுவல்ல. அளவுகோலும் மைப்பேனாவும் எழுபதுகளிலேயே அவர் தேர்ந்துகொண்ட பாதை. மேலும், அளவுகோல் நேர்த்தன்மையை மட்டுமே தரும். எந்தக் கோணத்தில் சாய்ப்பது, எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எந்தக் கோட்டை மெலிய விடுவது என்பதெல்லாம் வரைபவரின் முடிவு. பொறியாளர் அலுவலகத்தில் எவரும் இதைப் போட்டுவிடலாமே என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். பொறியாளரின் கோடு கட்டப்போகும் ஒரு சுவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். நஸ்ரீனின் கோட்டுக்கு அப்படிப்பட்ட சாட்சி எதுவும் கிடையாது. அது சரியா தவறா என்பதைப் பக்கத்துக் கோடும் மிச்சமுள்ள வெள்ளையுமே தீர்மானிக்கின்றன. அதனால்தான் அங்கே தவறுவதற்கான இடம் அதிகம்.

அமெரிக்க ஓவியர் ஆக்னஸ் மார்ட்டினோடு அவரை ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. மார்ட்டினின் பென்சில் கட்டங்கள் ஆறடிச் சதுரத் துணி முழுக்கப் பரவி, எந்தப் பக்கமும் சாயாமல், கையின் மெல்லிய நடுக்கத்தோடு அமைதி கொள்பவை. நஸ்ரீனின் தாள் சிறியது. கோட்டுக்குத் திசை உண்டு, அவசரம் உண்டு. அவருக்கு அருகிலிருந்த முன்னோடி பம்பாயில் பழகிய ஓவியர் கெய்த்தோண்டே. தறியில் பாவிய நூல்கள், ஃபத்தேபூர் சிக்ரியின் கல்பாவிய முற்றங்கள், சாலைக் குறிகள், கடற்கரை மணல் ஆகியவற்றை நஸ்ரீன் புகைப்படம் எடுத்திருக்கிறார். வாழ்ந்த காலத்தில் அவற்றைக் காட்சிக்கு வைக்கவில்லை. இன்று சித்திரங்களுக்குப் பக்கத்தில் அவற்றை மாட்டும்போது, இந்தக் கோடு அந்தத் தறியிலிருந்து வந்தது என்று நேருக்கு நேர் பொருத்திப் பார்க்கும் ஆசை வரும். அதைத் தவிர்ப்பது நல்லது. கேமராவிலும் அவர் தேடியது கோணத்தையும் இடைவெளியையும்தான் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அவரைச் சுற்றியிருந்தவர்களோ வேறு பாதையில் போனார்கள். 1981இல் பூபேன் கக்கர், குலாம்முகம்மது ஷேக் முதலிய ஓவியர்கள் மனிதர்களையும் தெருக்களையும் கதைகளாகத் தீட்டி, 'மக்களுக்கான இடம்' என்ற பொருளில் பெயரிட்ட கண்காட்சியை நடத்தினார்கள். பரோடாவில் அந்தக் காற்று வீசிய நாட்களில் உருவமே இல்லாமல் வரைவது சமூகத்துக்கு முதுகு காட்டுவதாகத் தோன்றியிருக்கலாம். எனக்கு அது தப்பித்தலாகப் படவில்லை. சுற்றிலும் எல்லோரும் கதை சொன்னபோது, பார்வை என்ற செயலையே அவர் விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்.

எல்லாத் தாள்களும் ஒரே தரம் என்று நான் சொல்ல மாட்டேன். வட்டங்கள் மிதக்கும் சில சித்திரங்களில் வானத்துக் கோள்களின் சாயல் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. சாய்கோட்டின் இழுவிசை அங்கே குறைகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இவற்றை அச்சில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மெல்லிய பென்சில் கோடுகள் நூல்களிலும் கைபேசித் திரையிலும் மறைந்துபோகின்றன. மிஞ்சுவது நான்கைந்து கறுப்புக் கோடுகள். டெல்லியின் கிரண் நாடார் அருங்காட்சியகத்தில் அவருடைய படைப்புகளின் முக்கியமான தொகுப்பு இருக்கிறது. அவை காட்சியில் இருக்கும் சமயம் பார்த்துப் போங்கள். முதலில் தாளுக்கு ஒரு முழம் அருகில் நின்று ஒரே ஒரு கோட்டை அது மறையும் இடம்வரை பின்தொடருங்கள். பிறகு நாலடி பின்னால் வந்து முழுத்தாளையும் பாருங்கள்.