கிளிக்கும் வேண்டும் காய்கறி



கெடாவில் சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ் வட்டாரங்களில் தோட்ட வீடுகளிலும் தாமான் வீடுகளிலும் வாசலில் கிளிக்கூண்டு தொங்குவதைக் காணலாம். பிள்ளைகள் வேலை தேடிப் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்ட வீடுகளில், தாத்தா பாட்டிக்குப் பேச்சுத் துணையே அந்தக் கிளிதான். அதன் கிண்ணத்தில் என்ன இருக்கிறது? பல வீடுகளில் வெறும் சூரியகாந்தி விதை.

அங்கேதான் ஆபத்து. அந்த விதைப் பருப்பில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. வைட்டமின் ஏ மிகக் குறைவு. சுண்ணாம்புச் சத்தும் குறைவு. கிளியின் வயிறு நிறையும், உடம்போ பட்டினி கிடக்கும். தும்மல், மூக்கொழுகல், வாய்க்குள் வெண்புள்ளி, மங்கிய இறகு என்று நோய் வெளிப்படும். ஈரலில் கொழுப்பு சேரும். 20 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய பறவை பாதியிலேயே போய்விடும். "நல்லாத்தானே தின்னுச்சு!" என்று பாட்டி கலங்கி நிற்பார்.

காட்டுக் கிளிகள் நமக்குப் பாடம் சொல்கின்றன. நீண்டவால் பச்சைக்கிளிகள் செம்பனைப் பழத்தைக் கொத்தித் தின்னும். அந்தப் பழத்தின் சிவப்பு நிறம் கரோட்டின். அதைத்தான் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அதற்காகத் தோட்டத்துப் பழத்தைப் பொறுக்கிக் கொடுக்காதீர்கள், அதில் மருந்து அடித்திருக்கலாம். அதே சத்து நம் சமையலறையில் உண்டு: கேரட், பூசணி, பப்பாளி, முருங்கைக்கீரை, கங்கோங். மிளகாயும் கொடுக்கலாம், பறவைக்குக் காரம் உறைக்காது. பழத்தில் இனிப்பு அதிகம். ஆகவே காய்கறி கூடுதலாகவும் பழம் குறைவாகவும் இருக்கட்டும்.

விதையே தின்று பழகிய கிளி காய்கறியை உணவென்றே நினைக்காது. விதையைத் திடீரென நிறுத்தினால் பட்டினியால் செத்தும் போகலாம். காலையில் பசியோடு இருக்கும்போது பொடியாக நறுக்கிய காயை முதலில் வையுங்கள். அதன் எதிரிலேயே நீங்களும் ஒரு துண்டு தின்னுங்கள். கிளி கூட்டமாக உண்ணும் பறவை, பார்த்துப் பழகும். விதையை வாரக்கணக்கில் மெல்லக் குறையுங்கள். எடை குறைந்தாலோ சோர்ந்தாலோ கால்நடை மருத்துவரைப் பாருங்கள். காயை நன்றாகக் கழுவிக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். நம் வெயிலில் சீக்கிரம் கெட்டுப்போகும்.

அவகாடோ, சாக்லெட், வெங்காயம், காப்பி இவை கிளிக்கு நஞ்சு. முறுக்கு, மிக்சரும் வேண்டாம்.

இதற்குத் தனிச் செலவு இல்லை, நேயர்களே. நாளைக்குக் குழம்புக்குக் கேரட் நறுக்கும்போது ஒரு துண்டை ஒதுக்கி வையுங்கள். வாசலில் உங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் அந்தக் குரல் இன்னும் பல ஆண்டுகள் கேட்கட்டும்.