இதயத்தைப் படமெடுக்க எவ்வளவு கதிர்?

இதயத் தமனிகளில் அடைப்பு உள்ளதா என்பதை, இதயம் வரை குழாய் செலுத்தாமலே காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் சோதனை, சென்னையின் தென்புறநகர்களிலும் இன்று கிடைக்கிறது. எனினும் அது எக்ஸ் கதிர்களால் நிகழ்வதால், கதிரின் அளவு கவனத்துக்கு உரியது. அந்த அளவைக் குறிக்கும் அலகு மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து மட்டும் உலக மனிதர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார். தாம்பரத்துக்குத் தெற்கேயுள்ள கல்பாக்கம் கடற்கரையில், மோனசைட் மணலிலுள்ள தோரியத்தால் இயற்கைக் கதிர்வீச்சு சற்றுக் கூடுதல் என்பது பலர் அறியாத செய்தி.

இதயம் ஓயாமல் துடிப்பதே சிக்கலின் வேர். பழைய முறையில், துடிப்பின் சுற்று முழுவதும் கதிர் பாய்ச்சிவிட்டுத் தெளிவான படங்களைப் பின்னர் தேர்ந்தெடுத்ததால், அளவு 10 மில்லிசீவர்ட்டைத் தாண்டுவது வழக்கமாயிருந்தது. இப்போது இ.சி.ஜி. வழிகாட்ட, இதயம் ஏறக்குறைய அசைவற்றிருக்கும் நொடிப்பகுதியில் மட்டும் கதிர் பாய்ச்சப்படுவதால், பலருக்கு அது 5-க்கும் கீழே இறங்குகிறது. இதற்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60-ஐ ஒட்டியிருப்பது நல்லது என்பதால், துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து தகுந்தவர்களுக்கு முன்கூட்டியே தரப்படுகிறது. மெலிந்த உடலினருக்கு எக்ஸ் கதிர்க் குழாயின் மின்னழுத்தத்தை 120 கிலோவோல்ட்டிலிருந்து 100-ஆகக் குறைத்தாலே, கதிரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். விலையுயர்ந்த கருவி இருந்தும் இந்த ஒழுங்குகள் இல்லையென்றால் பயன் குறைவே.

இந்தியாவில் சி.டி. கருவியை இயக்க, 1983-இல் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் கட்டாயம். சோதனைக்குச் செல்வோர் பழைய ஸ்கேன் அறிக்கைகளை உடன் கொண்டுசெல்லவும், நாடியை விரைவுபடுத்தும் காபியை அன்று காலை தவிர்க்கவும் வேண்டும்.