இறக்கப்படாத சரக்கு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விசிறியின் கீழ் அமர்ந்தும் வியர்வை உலராத இக்கலூரில், வீட்டைச் சூடாக்கும் கருவியைப் பற்றிப் பேசப் புகுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் நம் உறுப்பினர் ஒருவரின் மகள் காக்கநாட்டு இன்ஃபோபார்க்கில் அமர்ந்துகொண்டு, ஜெர்மனி நாட்டு வீடுகளுக்கு வெப்பக் கணக்குப் பார்த்து வருகிறார். அவருக்கு நேர்ந்த ஒரு சங்கடமே நாம் எடுத்துக்கொண்ட பொருள். நாம் பொறியியல் கற்றவரல்லோம். ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதுவோர்.

ஹீட் பம்ப் என்பது புதுமையன்று. குளிர்பதனப் பெட்டி தன்னுள் இருக்கும் வெப்பத்தை எடுத்து முதுகுப்புறம் தள்ளுகிறதல்லவா? வெளிக்காற்றிலிருந்தோ ஆற்று நீரிலிருந்தோ வெப்பத்தை எடுத்து வீட்டினுள் தள்ளுமாறு அதனைத் திருப்பி அமைத்தால் ஹீட் பம்ப் ஆயிற்று. 1938-லேயே சூரிக் நகர மன்றக் கட்டடம் லிம்மாத் ஆற்றிலிருந்து இவ்வாறு வெப்பம் பெற்றது. சூடேறிய நீர் குழாய் வழியே சென்று, சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர் என்னும் இரும்புப் பலகையில் வெப்பத்தை இறக்கிவிட்டுத் திரும்பும்.

அப்பெண் ஒரு பழைய வீட்டைச் சுவர், சாளரம், கூரை, ஆண்டின் 8,760 மணிக்குரிய வானிலை ஆகியவற்றோடு கணிப்பொறியில் அமைத்தார். பழைய கொதிகலனை நீக்கி ஹீட் பம்ப் வைத்தார். வெளியே 0 டிகிரி. அறை 20 டிகிரிக்கு வரவேண்டும். கணக்கிலோ 12 டிகிரியில் நின்றுவிட்டது. வேற்றூர் வானிலை ஏறிவிட்டதோ என்று கேட்டோம். கொச்சியின் வானிலை ஏறியிருந்தால் ரேடியேட்டரே வேண்டாமே என்று சிரித்தார். இயந்திரம் சிறியதென்று கருதி இருமடங்கு பெரியதை வைத்துப் பார்த்தார். அறை ஒரு டிகிரியும் ஏறவில்லை. இயந்திரம் மட்டும் ஓடுவதும் நிற்பதுமாகத் தவித்தது. பொழுது விடிந்தால் அறிக்கை தரவேண்டும். பெரிய இயந்திரமே தேவை என்று எழுதிவிட்டால், எங்கோ ஒரு குடும்பம் அதற்குப் பணமும் கொடுத்துக் குளிரிலும் நடுங்கும்.

போகும் நீரின் வெப்பத்தையும் வரும் நீரின் வெப்பத்தையும் காட்டச் சொன்னோம். 48 டிகிரியில் புறப்பட்ட நீர் 42 டிகிரியில் திரும்பியிருந்தது. 10 டிகிரி இறங்க வேண்டிய இடத்தில் 6 டிகிரியே இறங்கியிருக்கிறது. இயந்திரம் சிறியதாயின் நீர் 48 டிகிரியையே எட்டியிராது. ஏற்றிச் சென்ற சரக்கை முழுதும் இறக்காமல் திரும்பிவரும் வண்டிக்கு எஞ்சினை மாற்றி என்ன பயன்? இறக்குமிடம் அன்றோ போதவில்லை!

ரேடியேட்டருக்கு ஆயிரம் வாட் என்று விலைப்பட்டியலில் கண்டதை அவர் நம்பியிருந்தார். அந்த ஆயிரம், நீர் சராசரி 70 டிகிரியும் அறை 20 டிகிரியுமாக, 50 டிகிரி வேறுபாட்டில் அளந்தது; ஐரோப்பிய வழக்கம் அது. இங்கு நீரின் சராசரி 45; 20 டிகிரி அறைக்கு வேறுபாடு 25. பாதியாவது கிடைக்கும் என்று எண்ணுவோம். அதுவும் இல்லை. வேறுபாடு குறையும்போது வெப்பம் அதனினும் விரைந்து குறைவதால் ஏறத்தாழ 400 வாட்டே தேறும். நீரை இன்னும் சூடாக்கலாமே எனின், ஒவ்வொரு டிகிரிக்கும் மின்செலவு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு கூடும். பலகையை இரண்டரை மடங்காக்கியதும் கணக்கில் 20 டிகிரி வந்தது. ஆனால் அவ்வீட்டின் சாளரத்தடியில் அவ்வளவு இடமில்லை. ஆகவே பலகையைச் சிறிது பெருக்கி, கூரைக்கு வெப்பத்தடுப்பு இட்டு, மீண்டும் கணக்கிட்டார். அறிக்கை ஒருநாள் தாமதமாயிற்று.

குழாயில் குளிர்நீரை ஓடவிட்டு நம் வீடுகளைக் குளிர்விக்கலாகாதா என்று அன்பர் ஒருவர் வினவினார். ஹைதராபாத்தை அடுத்த போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் 2011-ல் ஒரு கட்டடத்தை ஒத்த இரு பாதிகளாக அமைத்து, ஒன்றை வழக்கமான குளிர்காற்றாலும் மற்றதைக் கான்கிரீட் தளத்தில் பதித்த குழாய்நீராலும் குளிர்வித்தது. அளந்து பார்த்ததில் இரண்டாம் பாதிக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் குறைவாகவே தேவைப்பட்டது. கொச்சியிலோ அறை 30 டிகிரியும் ஈரப்பதம் நூற்றுக்கு 70-மாக இருப்பின், 24 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட எப்பரப்பிலும் பனி பூக்கும், கூரையே சொட்டும். முதலில் காற்றை உலர்த்தவேண்டும். அதற்காகும் மின்சாரத்தையும் கணக்கிலேற்ற வேண்டும். அக்கணக்கை அப்பெண்ணிடமே ஒப்படைத்திருக்கிறோம்.