புற்றுநோயும் நம் பிரசங்கமும்
(ஏற்காட்டில் செய்த சொற்பொழிவு)



புற்றுநோயைப் பற்றிப் பேசும்படி என்னைச் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரச் செய்திருக்கிறீர்கள். நான் வைத்தியனல்ல, காலேஜ் படியை மிதித்தவனுமல்ல. ஆதலால் மருந்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் மருந்து இருந்தும் மனிதன் ஏன் அதை நாடுவதில்லை என்பதைப் பற்றிப் பேச, 20 வருஷமாய் ஜனங்களிடையே பிரசாரம் செய்து திரிகிறவன் என்கிற முறையில் கொஞ்சம் பாத்தியதை உண்டு. அதில் நான் முட்டாளான கதையும் உண்டு.

இம்மலையில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்த ஓர் அம்மாளுக்கு மார்பில் கட்டி. எட்டு மாதமாய் ஒருவரிடமும் காட்டவில்லை. அவர் மகன் சொல்லி நான் போனேன். போய் என்ன செய்தேன்? தலைவிதி பொய், கர்மம் புரட்டு, பூசாரியின் விபூதி கட்டியைக் கரைக்காது என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். அம்மாள் பொறுமையாய்க் கேட்டுவிட்டுச் சொன்னார்: "விதின்னு நான் எப்ப சொன்னேன் தம்பி? சேலம் போனா அன்னிக்குக் கூலி போச்சு. ஆம்பிளை டாக்டர் முன்னால ரவிக்கையை அவுக்கணும். புத்துன்னு ஊருக்குத் தெரிஞ்சா என் பேத்தியை எவன் கட்டுவான்?"

தோழர்களே, விதியை அவர் நம்பவில்லை. அவர் நம்புவதாக நான்தான் நம்பினேன். கேளாமல் முடிவு கட்டுவது மூடநம்பிக்கையல்லாமல் வேறென்ன? பிறகு ஒரு பெண் நர்சைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டி அக்குள்வரை பரவிவிட்டது என்றார்கள். இரண்டு வருஷத்தில் இறந்துபோனார். எட்டு மாதம் முன்னால் யாராவது சரியாகக் கேட்டிருந்தால் என்ற எண்ணம் என்னை இன்னும் விடவில்லை.

இது என் ஒருவன் அனுபவந்தானா? திண்டுக்கல் ஜில்லாவைப் பாருங்கள். 2000-ஆம் வருஷம் அங்கே ஒரு பெரிய ஆராய்ச்சி துவங்கினார்கள். கிராமங்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்குக் கருப்பை வாயில் வினிகர் போன்ற திராவகத்தைத் தடவி, புற்றின் முன் அடையாளம் உண்டா என்று பயிற்சி பெற்ற நர்சுகளே பார்த்தார்கள். மறு பிரிவில் வழக்கமான வைத்தியந்தான். 2007-ல் முடிவு வெளிவந்தது. சோதனை நடந்த பிரிவில் இந்நோயால் சாவு 35 சதவிகிதம் குறைந்தது. இவ்வளவு எளிய காரியம் இத்தனை உயிரைக் காக்கிறது!

ஆனால் இன்னொரு கணக்கும் அதில் உண்டு. சோதனைக்கு உரிய பெண்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். ஏறக்குறைய 18,000 பேர் வரவில்லை. ஏன்? வெட்கமா? பயமா? கூலியா? புருஷன் விடவில்லையா? இதை எந்த மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது? மனிதரிடந்தான் கேட்கவேண்டும். கேட்பதும் ஒரு வித்தை. அதைக் கற்றுத்தான் வரவேண்டும்.

வைத்தியர்கள் நடத்தையும் ஆராயவேண்டியதே. அமெரிக்காவில் 1961-ல் விசாரித்தபோது, புற்று என்பதை நோயாளியிடம் சொல்லாமலிருப்பதே மேல் என்றவர்கள் 90 சதவிகிதம். 1979-ல் சொல்லவேண்டும் என்றவர்கள் 97 சதவிகிதம். வழக்கம் என்பது மாறாத சட்டமல்ல. இடையில் 1977-ல் நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜிம்மி ஹாலந்து அம்மையார், புற்றுநோயாளிகளின் மனநிலையைக் கவனிக்கவே ஒரு பிரிவை ஆரம்பித்தார்.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியால் 1954-ல் 12 படுக்கைகளோடு துவங்கியது அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. நோயாளியின் மனதையும் நடத்தையையும் ஆராய அங்கே தனித் துறையே ஏற்பட்டது. இளம் பட்டதாரிகளுக்கு எம்.பில். பயிற்சியும் கொடுத்திருக்கிறது.

அப்பயிற்சியில் என்ன கற்கவேண்டும்? பதிலை வாயில் திணிக்காமல் கேட்க. சம்மதம் பெற்றே விசாரிக்க. கேட்டதை ரகசியமாய்க் காக்க. கெட்ட செய்தியை நிதானமாய்ச் சொல்ல. ஒரு முறை பலித்ததா என்பதைத் திண்டுக்கல்லில் செய்ததுபோல் ஒப்பிட்டு அளக்கக் கற்கவேண்டும். தினமும் சாவைப் பார்க்கும் இளைஞனின் மனமும் உடையும். அவனைத் தாங்க அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

இந்த வேலைக்கு யார் தகுந்தவர்? இம்மலை மக்களின் பேச்சும் கூச்சமும் தெரிந்த உங்கள் பிள்ளைகளல்லவா? பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்பீர்களானால், பெண்ணிடம் கேட்கவேண்டியதைக் கேட்க யார் வருவார்? உபகாரச் சம்பளம் இல்லாமல் ஏழைப் பிள்ளை இரண்டு மூன்று வருஷம் ஆராய்ச்சி செய்ய முடியாது. அதைச் சர்க்காரிடம் நாம் கேட்டு வாங்கவேண்டும். விசாரிக்க வருகிறவர்களிடம் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

நான் சொன்னதையும் அப்படியே நம்பாமல் சிந்தித்துப் பாருங்கள். பிரசங்கிகளான நாமும் இனிமேல் பேசுவதற்கு முன் கொஞ்சம் கேட்கப் பழகுவோமாக.