ஓரியூரில் எண்ணப்படாதவர்கள்



வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இந்நாளில், எளியோர்பால் கிறித்தவம் கொண்ட பரிவு பற்றிப் பேசப் பணித்துள்ளீர்கள். இராமநாதபுரச் சீமையில் அப்பொருளைப் பேசுவோர் ஓரியூரை விலக்கிச் செல்லுதல் இயலாது.

லிஸ்பனில் 1647-இல் உயர்குடியில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, 1673-இல் இந்தியா வந்தார். அந்நாளில் மதுரை மறைப்பணியாளரிடையே இரு கோலங்கள் வழங்கின. உயர்சாதியாரிடையே பணிபுரியும் துறவியின் கோலம் ஒன்று. தாழ்த்தப்பட்டோரிடமும் செல்லக்கூடிய பண்டாரசாமியின் கோலம் மற்றொன்று. பிரிட்டோ இரண்டாவதை ஏற்றார். காவி உடுத்து, புலால் நீக்கி, அருளானந்தர் என்னும் பெயருடன் ஊர்தோறும் நடந்தார். அக்கோலம் சாதி வேலியைத் தகர்க்கவில்லை. ஆயினும் அவ்வேலியில் ஒரு வாயிலைத் திறந்தது. பரிவு என்பது கொடுப்பதில் மட்டுமன்று, எவரும் அணுகத்தக்கவராய் இருப்பதிலும் உள்ளது என்பதற்கு இதுவே சான்று.

மறவர் நாட்டுத் தலைவருள் ஒருவரான தடியத்தேவர் திருமுழுக்குப் பெற விழைந்தார். மனைவியர் பலருள் ஒருவரை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. அவ்வாறே ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவினள். அவளது முறையீடு அரசனின் சினமாயிற்று. 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தரின் தலை வீழ்ந்தது. 1947-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

இக்கதையைக் கேட்போர் அப்பெண்ணைப் பகையாகவே நினைவிற் கொள்கின்றனர். அரசுறவு இல்லாத ஏனைய மனைவியர் எங்குச் சென்றனர்? எவர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினர்? கதை அவர்களைக் கேட்பதில்லை. புனிதரின் பெருமையை இவ்வினா குறைக்காது. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமையைச் சொன்ன சமயம் அன்றோ இது? எண்ணிக்கையில் விடுபட்டவரைத் தேடுதலே அச்சமயத்தின் உயிர்நாடி எனில், அவர் வரலாற்றிலேயே விடுபட்டவரையும் நாம் தேட வேண்டும்.

இன்றும் இக்கரையில் அத்தேடலுக்கு இடமுண்டு. பாம்பன், மண்டபம் பகுதிகளில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் படர்ந்த பாசியைப் பறிக்கக் கடலில் மூழ்கும் பெண்கள் இருக்கின்றனர். மீனவர் என்றதும் படகிலுள்ள ஆணையே நம் மனம் காண்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாயின. தீவுக்கரைகளில் பாசி எடுத்தல் குற்றமாயிற்று. பவளப்பாறையைக் காத்தல் அறமே. ஆனால் அவ்வறத்தின் விலையை எவர் செலுத்துகின்றனர் என்று கேட்பதும் அறமே.

கவிஞர்களே, இரங்கற்பா எழுதுதல் எளிது. இரங்கப்படுபவரின் பெயரைக் கேட்டறிதல் அரிது. அடுத்த பத்தாண்டில் இவ்வட்டம் அவ்வரிய செயலைச் செய்யுமாக.